ஒட்டகச்சிவிங்கியைக் கடைசி நாளுக்கு வைத்த பிழை

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது மூன்று, தங்கச்சி போன பிறகு அவளுடைய பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பேப்பரை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கையெழுத்து வைப்பேன், அதற்கு மேல் வராது. ஆனால் முப்பது வருடத்துக்கு மேலாக யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதிச் சனத்தை வள்ளத்திலும் பஸ்ஸிலும் பிளேனிலும் ஏற்றிக்கொண்டு போய், ஏற்றின அத்தனை பேரையும் திருப்பிக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறேன். ஒருவரையும் வழியில் விட்டுவிட்டு வந்ததில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட வேண்டிய இடத்தில் அடக்கமாக இருப்பது எனக்குப் பழக்கமில்லை.

போன கிழமை, நான் நடத்தி உங்களிடம் ஒப்படைத்துவிட்டு வந்த வேலணைப் பயணக் கந்தோருக்கு ஒரு அலுவலாக வந்தேன். சுவரில் புதிதாக ஒரு நோட்டீஸ். ஆபிரிக்கப் பயணம், பத்து நாள். முதலில் கோட்டையும் பழைய பட்டினமும், பிறகு கடற்கரை, கடைசி மூன்று நாளும் காட்டு மிருகங்கள். அடியில் 'அக்காவின் முறைப்படி' என்று பெரிதாகப் போட்டிருந்தது. யார் இதை எழுதினது என்று மேசையில் இருந்த புதுப் பிள்ளையிடம் கேட்டேன். அது சிரித்துக்கொண்டு, என்னுடைய பழைய கொப்பியிலிருந்து அப்படியே எடுத்தது என்றும், மிருகத்தைக் கடைசியில் வைத்தது எவ்வளவு நல்ல யோசனை என்றும் சொன்னது. கதிரையில் பயணம் பதிய வந்த இரண்டு பேர் இருந்தார்கள். வெளியார் முன்னால் எங்கள் பிள்ளைகளை நான் ஏசுவதில்லை. தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது ஏசுகிறேன். அது என் முறை இல்லை, என் பிழை. அந்தக் கொப்பியில் இருந்தது நான் ஒரே ஒரு தடவை போட்ட திட்டம். அதனால் ஒரு மனிசிக்கு என்ன நடந்தது என்று ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. பிழையை எடுத்துச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, அதற்கு என் பெயரையும் வைத்திருக்கிறீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வேலையை எனக்குப் பழக்கினவர் கதிர்காமத்துக்குப் பஸ் கொண்டுபோகிற ஒரு மனிதர். தன் பெயரை ஒரு நோட்டீசிலும் போடாதவர், நானும் போடவில்லை. ஒரு இடத்தில் பத்து நிமிடம் என்றால் பதினோராவது நிமிடம் பஸ் கிளம்பிவிடும், அவருடைய மனைவி ஏறாவிட்டாலும். அவர் எனக்குத் தந்தது ஒரு விதி. சின்னக் கோயில்கள் எல்லாம் முன்னுக்கு, பெரிய கோயில் கடைசியில். "பெரிய கோயிலைக் கும்பிட்டு முடிஞ்சா சனத்தின்ர மனம் வீட்டை போயிடும். பிறகு வெறும் உடம்பைத்தான் நீர் பஸ்ஸில ஏத்திக்கொண்டு திரிவீர்" என்பார்.

அது சரிதான். ஒரு தடவை நான் மாற்றிச் செய்து பார்த்திருக்கிறேன். கதிர்காமம் முடிந்த பின்னேரமே ஒருவருக்குப் புகையிலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், மற்றவருக்கு மாடு ஈனப் போகிறது, இன்னொருவருக்கு நாரி பிடித்து நிமிர ஏலாது. பெரிய கோயில் இன்னும் வரவில்லை என்றால் அதே சனம் காற்றுப் போன சில்லோடு வெயிலில் மூன்று மணித்தியாலம் நின்றாலும் முகம் சுளிக்காது. இந்தியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனபோதும் அப்படித்தான் செய்தேன். ஒரு பிழையும் வரவில்லை. அதனால் அந்த விதி எங்கும் செல்லும் என்று நினைத்துவிட்டேன். கோயில் வைத்த இடத்தில் நிற்கும். போகிறவர் இந்த வருடம் போகாவிட்டால் அடுத்த வருடம் போகலாம். இதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

இனிப் பூமணி. புளியங்கூடலில் ஆடு வளர்த்தவள், என்னிலும் ஏழு வயது இளையவள். புருஷன் போன பிறகு ஆட்டை வைத்தே ஒரே மகனைப் படிப்பித்து டென்மார்க்குக்கு அனுப்பினவள். அந்த மகன், அம்மாவுக்கு விருப்பமான நாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், எது என்று சொல்லுங்கோ என்றிருக்கிறான். அவன் நினைத்தது காசி, இல்லாவிட்டால் சிங்கப்பூர். இவள் ஆபிரிக்கா என்றாள். அவன் போனில் விழுந்து விழுந்து சிரித்தானாம்.

இதைச் சொல்ல அவள் ஒரு காலையில் கந்தோருக்கு வந்தாள். ஏன் ஆபிரிக்கா என்று நானும் கேட்டேன். மகனின் போனில் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தாளாம்.

"அக்கா, அது தன்ர பாட்டில கழுத்தை நீட்டி மரத்தில குழை தின்னுது. ஒருத்தரும் வெட்டிப் போடேல்லை."

நீங்கள் ஆடு வளர்க்காத பிள்ளைகள். ஆட்டுக்குக் குழை வெட்டுவது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீட்டுத் தடியின் நுனியில் கத்தி கட்டியது கொக்கத்தடி. அதை இரண்டு கையாலும் தூக்கி, வானத்தை அண்ணாந்து பார்த்து, பூவரசம் கொப்பை இழுத்து வெட்டி, கீழே விழுவதைக் கட்டிச் சுமக்க வேண்டும். காலையும் பின்னேரமும். பூமணி அதை நாற்பது வருடத்துக்கு மேல் செய்திருக்கிறாள். "கடவுள் என்ர ஆட்டுக்கும் அப்பிடி ஒரு கழுத்தை வைச்சிருந்தா என்ர கழுத்து தப்பியிருக்கும்" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குத் தான் தனியாகப் போய் வருவதைச் சொன்னாள். கண்ணுக்குள் அழுத்தம். பக்கத்துப் பார்வை இரண்டு கண்ணிலும் போய்விட்டது. நடுவால் மட்டும், குழாய்க்குள்ளால் பார்க்கிற மாதிரித் தெரிகிறது. அந்தக் குழாயும் சுருங்கிக்கொண்டு வருகிறது. மருந்து விட்டால் கொஞ்சக் காலம் இழுக்கலாம், போனது திரும்பி வராது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம்.

"அது நிண்டு தின்னுறதை ஒருக்கா என்ர கண்ணால பாக்கவேணும் அக்கா. பிறகு போனாப் போகட்டும். மகனுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா பயணத்தை நிப்பாட்டிப்போட்டு என்னை டென்மார்க்குக்கு ஏத்திப்போடுவான். கண்ணும் தெரியாமல், பாசையும் தெரியாமல், ஒரு அறைக்குள்ள என்னால இருக்கேலாது. நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது."

சொல்லமாட்டேன் என்றேன். கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணவில்லை. நான் சொன்னால் சொன்னதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

இவ்வளவையும் கேட்ட மனிசி நான். என்ன செய்திருக்க வேண்டும்? பிளேனை விட்டு இறங்கின கையோடு அவளை ஒட்டகச்சிவிங்கி நிற்கிற இடத்துக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். கோட்டையும் கடலும் மிச்ச நாளில் பார்த்துக்கொள்ளட்டும். குழந்தைப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு இது. எனக்கு விளங்கவில்லை. அவளுக்குப் பெரிய கோயில் ஒட்டகச்சிவிங்கிதான், ஆகவே அது கடைசியில் என்று வைத்தேன். நல்லதுதான் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு வைத்தேன்.

என்னை ஒருவரும் எச்சரிக்காமலும் இல்லை. ரிக்கற் எடுத்துத் தருகிற கொழும்பு ஏஜென்ட் போனில் சொன்னான், நீங்கள் போகிற மாதத்தின் கடைசியில் அங்கே மழை தொடங்கலாம், மிருகத்தை முன்னுக்கு வையுங்கோ என்று. சரியான புத்திதான். ஆனால் அதற்கு முதல் நாள் அவன் என்னிடம், "தீவில இருந்து ஆபிரிக்காவோ அம்மா? யானை பாக்க வவுனியா தாண்டினாக் காணுமே" என்று நக்கல் அடித்திருந்தான். அந்த நக்கல் என் காதில் நின்றது. அதனால் அவன் சொன்ன நல்லது உள்ளே போகவில்லை. என் சனத்தை எனக்குத் தெரியும், உமது வேலை ரிக்கற், அதைப் பாரும் என்றேன். பிள்ளைகளே, நக்கல் அடிக்கிறவனும் சரியாகச் சொல்லுவான். ரோசம் நல்லது, நானும் ரோசக்காரிதான். அதைத் திட்டத்துக்குள் விட்டால் அதற்கான விலையை வேறு யாரோ கொடுப்பார்கள்.

ஒன்பது பேர் போனோம். நானும் பூமணியும், நாரந்தனையில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு வாத்தியாரும் மனைவியும், அல்லைப்பிட்டிச் சகோதரிகள் இரண்டு பேர். டென்மார்க்கில் இருந்து பூமணியின் மகன் சுதன், அவனுடைய மனைவி, எட்டு வயது மகள்.

ஒரு விஷயத்தில் நான் கெட்டிக்காரிதான், அதையும் சொல்ல வேண்டும். நாங்கள் போன கென்யாவுக்குள் பிளாஸ்டிக் பை கொண்டுபோகக் கூடாது. எங்கள் சனத்துக்குச் சொப்பின் பை இல்லாமல் பயணமே இல்லை. செருப்பு ஒரு பை, மருந்து ஒரு பை, பனங்கிழங்கு ஒடியல் ஒரு பை, மிச்சப் பைகள் எல்லாம் ஒரு பை. போவதற்கு ஒரு கிழமைக்கு முதல் வீடு வீடாகப் போய்ப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டுப் பழைய சீலையில் பை தைப்பித்துக் கொடுத்தேன். சுங்கத்தில் வேலை கிடைத்துவிட்டதோ என்று வாத்தியார் கேட்டார். அங்கே இறங்கினபோது எங்கள் ஆறு பேரின் பெட்டியிலும் ஒன்றும் இல்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த சுதனின் பெட்டியிலிருந்துதான் பைகளைப் பறித்தார்கள். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் என் திட்டம் முழுக்கச் சரி என்று இன்னும் கொஞ்சம் நம்பிவிட்டேன்.

மொம்பாசாவில் முதல் இரண்டு நாளும் கோட்டை, பழைய பட்டினம். கோட்டை போர்த்துக்கேயர் கட்டினது, கடற்கல்லால். வாத்தியார் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, ஊர்க்காவற்றுறைக் கோட்டையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதைக் காட்டவோ இவ்வளவு தூரம் கொண்டுவந்தது என்றார். வீதி ஓரத்தில் அடி பெருத்த பெரிய பெரிய பெருக்க மரங்கள் நின்றன. நெடுந்தீவில் ஒன்று நிற்கிறதே, சனம் வள்ளத்தில் போய்ப் பார்க்கிறதே, அந்த மரம். இங்கே அது வேலிக்குள்ளும் பஸ் தரிப்பிலும் நின்றது. "நெடுந்தீவு மரத்தின்ர சொந்தக்காரர் எல்லாரும் இஞ்சதான்" என்று வாத்தியார் ஒவ்வொன்றுக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு வந்தார். கதவுகளில் செதுக்கியிருந்த வேலை அருமையான வேலை. சீவல் பாக்கைப் போல மெல்லிய செதுக்கல். குறை சொல்ல முடியாது.

பூமணிக்கு இதில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. ஒடுங்கின சந்துகளில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பக்கத்தால் வந்த ஆட்களில் முட்டினாள். படி இருப்பது தெரியாமல் இரண்டு தரம் தடுக்குப்பட்டாள். மருமகள் நல்ல பிள்ளை, "பாத்து நடவுங்கோ மாமி" என்று சொல்லிக்கொண்டே வந்தது. பார்க்கத்தான் அவளால் முடியவில்லை என்று என் வாய் வரை வந்தது. விழுங்கினேன்.

பிறகு கடற்கரை. சுற்றிவரக் கடல் இருக்கிற ஊரில் பிறந்த மனிசருக்குக் கடற்கரையைக் காட்ட மூன்று நாள். மணல் வெள்ளை, தண்ணீர் பச்சை, நல்லதுதான். பேத்தி நாள் முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தது. பூமணி நிழலில் பாயைப் போட்டுக்கொண்டு இருந்தாள். எங்கள் சாட்டிக் கரையில் இல்லாத கடலோ என்று ஒரு தரம் சொன்னாள். மற்றபடி காலையில் எழும்பினவுடன் ஒரே கேள்விதான்.

"இன்னும் எத்தினை நாள் அக்கா?"

மூன்று என்றேன். இரண்டு என்றேன். நாளைக்கு என்றேன். பெரிய கோயில் வருகிற ஆவலோடு இருக்கிறாள், என் விதி வேலை செய்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக என்மேல் எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் தீரவில்லை. அவள் எண்ணிக்கொண்டிருந்தது ஆவலில் இல்லை, பயத்தில். காலையில் கண்ணுக்கு மருந்து விடும்போது ஒவ்வொரு நாளும் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துச் சோதித்திருக்கிறாள், எவ்வளவு தெரிகிறது என்று. இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

புறப்பட வேண்டிய காலை. எல்லோரும் ஹோட்டல் விறாந்தையில் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அங்கத்தைய கொம்பனியில் இருந்து போன் வந்தது. நாட்டின் உட்பக்கத்தில் இரண்டு நாளாக மழை, ஆறு பெருகிவிட்டது, நாங்கள் தங்க இருந்த முகாமை மூடிவிட்டார்கள், பாதை இல்லை. வேறு நாள் தர முடியாது. எங்கள் பிளேன் நாலாம் நாள்.

சுதன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவனைக் குற்றம் சொல்லவும் ஏலாது, அவனுக்கு விஷயம் தெரியாது. மழை எங்கள் கையில் இல்லை, மிச்ச நாளையும் கடலோடு கழிப்போம் என்றான். பேத்தி துள்ளிக் குதித்தது. பிறகு தாயின் தோளில் கையை வைத்து, "அடுத்த வருசம் வருவம் அம்மா, முதலே மிருகத்தைப் பாப்பம்" என்றான்.

"ஓம் தம்பி, அதுக்கென்ன" என்றாள் பூமணி.

இந்த இடத்தைக் கவனியுங்கள். நோட்டீஸ் ஒட்டுவதைக் காட்டிலும் இதைத்தான் நீங்கள் பழக வேண்டும். எங்கள் தீவுகளில் ஒரு தாய் 'அதுக்கென்ன' என்று சொன்னால், அவள் கேட்டதை விட்டுவிட்டாள் என்று அர்த்தம். வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. சாப்பிடச் சொன்னால் வேண்டாம் என்பார்கள், வண்டியில் ஏறச் சொன்னால் நடந்து போகிறேன் என்பார்கள். இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் கேட்க வேண்டும். அதை விட்டுவிட்டு, 'அம்மா விரும்பவில்லை' என்று நீங்கள் கம்பியூட்டரில் ஒரு புள்ளடி போடுகிறீர்கள். போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

எழும்பி வெளியே போனேன். எங்களை ஐந்து நாளாகக் கொண்டு திரிந்த சாரதி வானைக் கழுவிக்கொண்டு நின்றான். வாத்தியாரை இழுத்துக்கொண்டு போய் இங்கிலீஷில் கேட்பித்தேன். வேறு இடமே இல்லையா, ஒட்டகச்சிவிங்கி நிற்கிற இடம்? இருக்கிறது என்றான். கடலிலிருந்து உள்ளே மூன்று மணித்தியாலம், ஒரு பெரிய காடு. அந்தப் பக்கம் இன்னும் பெரிய மழை இல்லை. ஆனால் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. இப்போது வெளிக்கிட்டால் கொண்டுபோய்க் காட்டுவான். நாளைக்கு என்றால் உறுதி சொல்லமாட்டான்.

உள்ளே வந்து இப்போதே எழும்புங்கோ என்றேன். சுதன் எழும்பவில்லை. மழை, சேறு, வயதுபோன பெண்கள், சின்னப் பிள்ளை, முன்பதிவு இல்லாத இடம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். எல்லாம் நியாயம். அவனுடைய இடத்தில் நான் என்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"அன்ரி, பொறுப்பான ஆள் எண்டுதான் அம்மாவை உங்களோட விட்டனான். அம்மாவே பறவாயில்லை எண்டிறா. உங்களுக்கு என்ன அவசரம்?"

நான் பூமணியைப் பார்த்தேன். அவள் என்னைத் தேடிப் பிடித்து, அந்தக் குழாய்க்குள்ளால் நேரே பார்த்து, தலையை மெல்ல ஆட்டினாள். சொல்லாதேங்கோ என்று. சாரதி வானை இயக்கிவிட்டான், சத்தம் கேட்டது.

"அடுத்த வருசம் உம்மட அம்மாவுக்குக் கண் இராது, தம்பி."

நான்தான் சொன்னேன். எல்லோர் முன்னாலும், பேத்தி கேட்க, கத்தாமல் சொன்னேன். பூமணி கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைக்கப் போனாள். மேசை விளிம்பை மற்றக் கையால் தடவிப் பார்த்துத்தான் வைத்தாள். அவள் இத்தனை நாளும் அப்படித்தான் வைத்திருக்கிறாள்; இப்போதுதான் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டது. சுதன் எழும்பிப் போய்த் தாயின் செருப்பை எடுத்துக்கொண்டு வந்து காலடியில் வைத்தான்.

வானில் தாயும் மகனும் முன்னுக்கு இருந்தார்கள். நான் கடைசிச் சீற்றில். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பூமணி ஒரு தரமும் பின்னால் திரும்பவில்லை.

காட்டுக்குள் போனபோது மத்தியானம். ஒரு இடத்தில் சில்லுப் புதைந்து, சுதனும் வாத்தியாரும் இறங்கித் தள்ளினார்கள். வாத்தியாரின் வேட்டி முழங்கால் வரை சிவப்பு. அந்த மண்ணில் புரண்ட யானைகளும் அதே சிவப்பு. ஏஜென்டைக் கூட்டிக்கொண்டு வந்து காட்ட வேண்டும் என்று நினைத்தேன், வவுனியாவில் எங்கே இப்படி நிற்கிறது என்று. வரிக்குதிரை வந்தது, மான் வந்தது. ஒவ்வொன்றும் வலப்பக்கம், இடப்பக்கம் என்று எல்லோரும் கையை நீட்டினார்கள். பூமணி திரும்பித் தேடிப் பிடிப்பதற்குள் அது ஓடிவிடும். புல்லைத்தான் பார்த்தாள். "எங்க, எங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தவள் கொஞ்ச நேரத்தில் கேட்பதையும் விட்டுவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு முழுக்க விளங்கியது. அவளுக்குத் தேவைப்பட்டது நாட்கள். ஒரு இடத்தில் நாள் முழுக்க இருந்து, மிருகம் தன் பாட்டில் அவளுடைய குழாய்க்குள் வந்து நிற்கும் வரை காத்திருக்கிற நாட்கள். ஐந்து நாளை நான் கல்லிலும் மணலிலும் கொட்டிவிட்டு, அவளுக்கு ஒரு பின்னேரத்தைக் கொடுத்திருக்கிறேன், அதுவும் ஓடுகிற வானில். என் கன்னத்தில் நானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. சனம் பார்க்கும் என்று விட்டேன்.

திரும்புகிற நேரம் சாரதி சடாரென்று நிறுத்தி இயந்திரத்தையும் நிப்பாட்டினான். பாதைக்குப் பக்கத்தில் ஒரு முள் மரம். அதற்கு அங்கால் நின்றது.

சுதன் தாய்க்குப் பின்னால் வந்து, தலையை இரண்டு கையாலும் பிடித்து மெல்லத் திருப்பிக் கீழே காட்டினான். "அடியில இருந்து பாருங்கோ அம்மா. பிறகு மேல ஏறுங்கோ."

"கால்" என்றாள். கொஞ்சம் ஏறினாள். "இன்னும் கால்தான் தம்பி." வாத்தியாரின் மனைவி சிரித்தது. வயிறு வந்தது. புள்ளி வந்தது. கழுத்து வந்தது, வந்துகொண்டே இருந்தது. பூமணியின் தலை கொக்கத்தடி பிடிக்கும்போது அண்ணாந்து பார்க்கும் அளவுக்குப் போய்விட்டது. அங்கே நின்றது.

"தின்னுது" என்றாள். "முள்ளோட தின்னுது."

அது தின்று முடித்துப் போகும் வரை பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எங்களில் ஒருவரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. போன பிறகும் அந்த மரத்தின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மழை வந்தது.

இதோடு கதை முடிந்தது, பிழை திருந்திவிட்டது என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினபோது, பெட்டிகளை எடுக்கிற சந்தடியில் பூமணி என்னிடம் வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து, அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லுவதற்கு வாயைத் திறந்துவிட்டேன்.

"நான் உங்களுக்குச் சொன்னது உங்களுக்கு மட்டும் அக்கா. முதல் நாளே என்னை அங்க கொண்டுபோயிருந்தா, நீங்கள் என்ர கதையைச் சபையில சொல்லவேண்டி வந்திராது."

அவ்வளவுதான். திறந்த வாயை மூடிக்கொண்டு என் பெட்டியை எடுத்தேன்.

அவள் பயந்தது போலவே நடந்தது. நாலு மாதத்துக்குள் சுதன் வந்து தாயைக் கூட்டிக்கொண்டு போனான். பிழை என்று சொல்லமாட்டேன், பிள்ளை வேறு என்ன செய்வான்? ஆடுகளை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். இப்போது அவளுக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் பிரித்துத் தெரியும் என்று வாத்தியார் சொல்கிறார். மூன்றாவது மாடியில் ஒரு அறை, சூடாக இருக்கிறதாம், மருமகள் நல்லாகப் பார்க்கிறதாம். நான் இரண்டு தரம் போன் எடுத்தேன். பூமணி வரவில்லை. மூன்றாம் தரம் நான் எடுக்கவில்லை.

அன்றைக்கு நான் சொன்னது சரியா பிழையா என்று என்னிடம் கேட்காதேங்கோ. சொல்லியிராவிட்டால் அவள் அந்த மிருகத்தைப் பார்த்திருக்க மாட்டாள். சொன்னதால் அவள் தன் வீட்டில் இல்லை. அப்படி ஒரு இடத்தில் போய் நின்ற பிறகு சரியான வழி என்று ஒன்று மிஞ்சாது. அந்த இடத்துக்குப் போகாமல் பார்ப்பதுதான் உங்கள் வேலை. அதைப் பதிகிற அன்றைக்கே, கந்தோர் மேசையில் செய்ய வேண்டும். வருகிற மனிசியிடம் மூன்று தரம் கேளுங்கோ, எதற்காகப் போகிறீர்கள் என்று. சொன்னதை முதல் நாளில் வையுங்கோ. மிச்சத்தைப் பார்த்துக் களைத்து முகம் சுளித்தால் சுளிக்கட்டும், அதற்குத்தானே உங்களுக்குச் சம்பளம்.

அந்த நோட்டீசைக் கழற்றுங்கோ. நாளைக்கு இல்லை, இன்றைக்கு. என் பெயரை வைத்துச் சனத்தை ஏமாற்ற நான் விடமாட்டேன்.

இதை நீங்கள் அச்சடித்தால் ஒரு பிரதி டென்மார்க்குக்கும் போக வேண்டும். சுதன் தாய்க்கு வாசித்துக் காட்டுவான். அதனால் இதில் ஒரு சொல்லும் எனக்குச் சாதகமாக இருக்கக்கூடாது.

எங்கே பிள்ளை, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை எடு. ஹோட்டல் விறாந்தையில் நான் பூமணியின் கதையைச் சொன்ன இடத்திலிருந்து வாசி. ஆறுதலாக வாசி. நான் நல்லவள் மாதிரித் தெரிகிற இடம் வந்தால் நிப்பாட்டிச் சொல்லு, வெட்டுவம்.